பிரேக்கர் மெஷின்: வாடகைக்கு எடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரை வில்லாபுரம் பக்கம், காங்கிரீட்டும் சுவரும் உடைக்கிற பிரேக்கர் மெஷினை வாடகைக்கு விடுகிறேன், பழுதும் பார்க்கிறேன். காலையில் மெஷினைத் தூக்கி வண்டியில் ஏற்றும்போது கேட்பதும், சாயங்காலம் திருப்பிக் கொடுக்கும்போது கேட்பதும்தான் இங்கே இருக்கிற கேள்விகள். கடை வாசலில் நின்று முழுப் பதில் சொல்ல நேரம் கிடைப்பதில்லை, அதனால் எழுதிவைத்தேன். பெட்டியில் டெமாலிஷன் ஹேமர் என்று போட்டிருக்கும். நம் ஊரில் எல்லோருக்கும் அது பிரேக்கர்தான், நானும் அப்படியே எழுதுகிறேன்.

வீட்டில் ஹேமர் டிரில் இருக்கிறது. அதிலேயே உடைத்துவிடலாமா?

நாலு டைல்ஸ் பெயர்க்க, பிளம்பிங் பைப்புக்குக் காடி எடுக்க, சுற்றாமல் அடிக்க மட்டும் செய்கிற வசதி அதில் இருந்தால் போதும். தளம், பீம், அஸ்திவாரம் என்றால் தாங்காது. டிரில்லுக்குத் துளை போடுவதுதான் முதல் வேலை, அடிப்பது கூடுதல் வேலை. பிரேக்கர் சுற்றவே சுற்றாது, அடிக்க மட்டும்தான் செய்யும்.

5 கிலோ, 10 கிலோ, 16 கிலோ என்கிறீர்களே, எதை எடுப்பது?

செங்கல் சுவர், டைல்ஸ், பூச்சு, மார்பு உயரத்தில் படுக்கையாகப் பிடித்து அடிக்கும் வேலை எல்லாவற்றுக்கும் 5 கிலோ. தளத்தின் மேல் நின்று கீழ்நோக்கி உடைக்க 10 கிலோ. தரை காங்கிரீட், மெஷின் பெட், அஸ்திவாரம் என்றால் 16 கிலோ. ஒரு அடியின் ஆற்றல் 5 கிலோ மெஷினில் சுமார் 8 ஜூல், 16 கிலோவில் 40 ஜூலுக்கு மேல். 'பெரிசு குடுங்கண்ணே, சீக்கிரம் முடியும்' என்று கேட்டு வாங்கிப் போய், 16 கிலோவைச் சுவருக்குத் தூக்கிப் பிடித்து, மத்தியானமே இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. அந்த மெஷின் தரையில் நிறுத்தி அடிப்பதற்கு மட்டும். தலைக்கு மேலேயோ ஏணியில் நின்றோ எந்த பிரேக்கரையும் பிடிக்கக் கூடாது.

நன்றாக அமுக்கிப் பிடித்தால் சீக்கிரம் உடையும்தானே?

உடையாது. என் கடைக்கு வரும் பழுதில் பெரும்பாதி இந்த ஒரு நம்பிக்கையால் வருவது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உள்ளே மோட்டார் ஒரு கிராங்க்கைச் சுற்றுகிறது. கிராங்க் ஒரு பிஸ்டனை முன்னும் பின்னும் தள்ளுகிறது. அந்த பிஸ்டன் உளியைத் தொடுவதே இல்லை. அதற்கு முன்னால் ஒரு இரும்புக் குண்டு இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே காற்று அடைபட்டிருக்கிறது. பிஸ்டன் முன்னே வரும்போது அந்தக் காற்று ஸ்பிரிங் போல அமுங்கிக் குண்டை எறிகிறது, குண்டு போய் உளியின் தலையில் அடிக்கிறது. 16 கிலோ மெஷினில் இது நிமிடத்துக்கு 1300 தடவை வாக்கில் நடக்கிறது. உடைக்கிற பலம் முழுவதும் அந்தக் காற்றிலிருந்து வருவது, உங்கள் தோளிலிருந்து ஒரு துளியும் வருவதில்லை.

மெஷின் துள்ளாமல் இருக்கிற அளவு பிடித்தால் போதும். கீழ்நோக்கி அடிக்கும்போது அதன் எடையே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். அதற்கு மேல் அமுக்கினால் கைப்பிடியில் அதிர்வைத் தாங்குவதற்கென்று வைத்திருக்கிற ஸ்பிரிங் முழுக்க அமுங்கிவிடும், அதிர்வு நேராக உங்கள் மணிக்கட்டுக்கு ஏறும்.

இதற்கு அண்ணன் ஒருவர் இருக்கிறார்: நெம்புவது. பாதி உடைந்த காங்கிரீட்டில் உளியைச் செருகி, மெஷினைச் சாய்த்து, கடப்பாரை மாதிரி கிளப்புவார்கள். உளி ஒடியும். ஒடியாவிட்டால் உளியைப் பிடித்திருக்கும் முன்பக்க வளையம், அதாவது புஷ், தேய்ந்து உளி ஆட ஆரம்பிக்கும். அதன்பிறகு ஒவ்வொரு அடியும் கோணலாக விழுந்து உள்ளே இருக்கும் குண்டின் முகத்தைத் தின்றுவிடும். நெம்ப வேண்டியிருந்தால் கடப்பாரையை எடுங்கள். எந்தச் சைட்டிலும் ஒன்று கிடக்கும்.

உளி காங்கிரீட்டுக்குள் இறங்கி மாட்டிக்கொண்டது, என்ன செய்வது?

மெஷினை ஆட்டி ஆட்டி இழுக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, உளியை அங்கேயே விட்டு மெஷினை மட்டும் கழற்றுங்கள். இன்னொரு உளியைப் போட்டு, சிக்கிய உளிக்குப் பக்கத்தில் நாலு விரல் தள்ளி அடித்தால் தானாகக் கழன்று வரும். அதற்காகத்தான் வாடகைக்குக் கொடுக்கும்போதே இரண்டு உளி தருகிறேன்.

மாட்டாமல் இருக்க வேண்டுமென்றால் விளிம்பிலிருந்து ஆரம்பியுங்கள். நடுத்தளத்தில் குத்தி இறக்கினால் உடைந்த சில்லு விலக இடம் இருக்காது. முதலில் ஒரு ஓட்டை போட்டு அதையே விளிம்பாக வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துப் போங்கள். ஒரே இடத்தில் அடித்துக்கொண்டே இருந்தும் விரிசல் விடவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள். அங்கே அடிக்க அடிக்கத் தூள்தான் வரும்.

என் மெஷின் பிளக்கில் எர்த் பின்னே இல்லை. ஷாக் அடிக்காதா?

மெஷினின் பெயர்த்தகட்டைப் பாருங்கள். சதுரத்துக்குள் ஒரு சதுரம் போட்டிருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ளது, எர்த் வேண்டாம். அந்தக் குறி இல்லாமல் மூன்று பின்னோடு வந்த மெஷினில் எர்த் பின்னை ஒடித்துவிட்டு ஓட்டினால் அது குற்றம் என்றே சொல்வேன்.

ஆனால் இரட்டைக் காப்பு மெஷினுக்குள் ஷாக் வராமல் பார்த்துக்கொள்ளும், வயருக்கு அல்ல. வெட்டுப்பட்ட வயர், ஈரத் தரை, வெறுங்கால் மூன்றும் சேர்ந்தால் எந்த மெஷினாக இருந்தாலும் ஆபத்துதான். அதற்குத் தனியாக ஒன்று வேண்டும்: 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்.சி.சி.பி. 'எங்க போர்டுல எம்.சி.பி. இருக்குண்ணே' என்பார்கள். 16 ஆம்ப்ஸ் எம்.சி.பி. வயர் எரியாமல் காக்கும், ஆளைக் காக்காது. நெஞ்சை நிறுத்த 100 மில்லி ஆம்ப்ஸ் போதும், அது 16 ஆம்ப்ஸில் நூற்றறுபதில் ஒரு பங்கு. எம்.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது. ஆர்.சி.சி.பி. வேறு மாதிரி. போன கரண்ட் அத்தனையும் திரும்பி வருகிறதா என்று பார்க்கும். கொஞ்சம் ஆள் வழியாகத் தரைக்குப் போனாலும் கண் இமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். மெஷினில் எர்த் இல்லாவிட்டாலும் இது வேலை செய்யும்.

திருமங்கலம் பக்கம் ஒரு சைட்டில் நானே பார்த்தது. கைப்பிடிக்குள் வயர் நுழைகிற இடத்தில் ரப்பர் ஸ்லீவ் கிழிந்து, உள்ளே செம்பு இழை நாலைந்து வெளியே மின்னிக்கொண்டிருந்தது. மேலே டேப் சுற்றியிருந்தார்கள், தண்ணீர் தெளித்த தரையில் டேப் ஊறிப்போயிருந்தது. மெஷினை நகர்த்த அந்த இடத்தில் பையன் கை வைத்தான். டப்பென்று ஆர்.சி.சி.பி. விழுந்தது. அவன் கையை உதறிவிட்டுச் சிரித்தான், எனக்குத்தான் கால் நடுங்கியது. அன்றிலிருந்து என் கடை மெஷின் எதுவும் ஆர்.சி.சி.பி. பாக்ஸ் இல்லாமல் வெளியே போவதில்லை. அதற்குத் தனி வாடகையும் கிடையாது. காலையில் வேலை ஆரம்பிக்கும் முன் அதில் இருக்கும் டெஸ்ட் பட்டனை ஒரு தடவை அழுத்துங்கள், விழ வேண்டும். விழாவிட்டால் அந்த பாக்ஸைத் தொடாமல் எனக்குப் போன் பண்ணுங்கள்.

யாருக்காவது ஷாக் அடித்துவிட்டால் முதலில் மெயினை அணையுங்கள், அதன்பிறகுதான் ஆளைத் தொட வேண்டும். 108-க்கு அழையுங்கள். எழுந்து உட்கார்ந்து டீ கேட்டாலும் விடாதீர்கள், அரசு இராசாசி மருத்துவமனைக்கோ பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப்போய் ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். நெஞ்சுத் துடிப்பில் கோளாறு வெளியே தெரியாமலும் இருக்கலாம்.

எக்ஸ்டென்ஷன் வயர் எவ்வளவு நீளம் போடலாம்?

நீளத்தை விட வயரின் தடிமன் முக்கியம். 1750 வாட்ஸ் மெஷின் 230 வோல்ட்டில் ஏழரை ஆம்ப்ஸ் இழுக்கும். 50 மீட்டர் வயர் 1 ஸ்கொயராக (1 சதுர மில்லிமீட்டர் தடிமன்) இருந்தால் வழியிலேயே 15 வோல்ட் போய்விடும். அதே நீளம் 2.5 ஸ்கொயர் என்றால் 6 வோல்ட்தான் குறையும். டவுனுக்குள் 15 வோல்ட் பெரிதாகத் தெரியாது. உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்துத் தோட்டத்தில் கடைசிப் போஸ்ட்டிலிருந்து இழுத்த லைனில் ஏற்கெனவே வோல்டேஜ் குறைவாக இருக்கும்போது, மெஷின் சோர்ந்து ஓடும். வேகம் குறைந்தால் உள்ளே இருக்கும் ஃபேன் காற்றும் குறையும். ஆள் என்ன செய்வார்? இன்னும் அமுக்குவார். மோட்டாருக்குள் சுற்றுகிற பகுதியான ஆர்மேச்சர் கருகி என் மேஜைக்கு வரும்.

வயர் சுருளை முழுக்கப் பிரித்துப் போடுங்கள். சுருட்டியபடியே மணிக்கணக்கில் ஓடினால் சூடு வெளியேற வழியில்லாமல் நடுச்சுற்று உருகி ஒட்டிக்கொள்ளும்.

சுவரை உடைக்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

சுவிட்ச் போர்டிலிருந்து நேர் மேலேயும் நேர் கீழேயும் வயர் பைப் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளியலறைச் சுவர் என்றால் தண்ணீர் பைப்பும் உண்டு. அந்த வீட்டு மெயினை அணைத்துவிட்டு, மெஷினுக்குப் பக்கத்து வீட்டிலிருந்தோ ஜெனரேட்டரிலிருந்தோ லைன் எடுப்பதுதான் சரியான முறை.

பில்லர், பீம் எதுவாக இருந்தாலும் இன்ஜினியர் வந்து சாக்பீஸில் கோடு போட்ட பிறகுதான் தொட வேண்டும். மேஸ்திரி சொன்னார், வீட்டுக்காரர் சொன்னார் என்பது போதாது.

சன்ஷேடு பற்றி ஒரு விஷயம், பலருக்குத் தெரியாது. அதன் கம்பி மேல்பக்கமாக ஓடிச் சுவருக்குள், ஜன்னலுக்கு மேலே இருக்கும் காங்கிரீட் கட்டையான லிண்டலில் போய்ச் சேர்கிறது. சன்ஷேடைக் கவிழாமல் பிடித்துவைத்திருப்பது அந்த லிண்டலின் மேல் உட்கார்ந்திருக்கும் சுவரின் எடைதான். மேல் சுவரை முதலில் இறக்கிவிட்டால் சன்ஷேடு முழுத்துண்டாகக் கவிழும், கீழே யார் நிற்கிறார்கள் என்று அது பார்க்காது. முட்டு கொடுத்து, சன்ஷேடை நுனியிலிருந்து உடைத்து முடித்துவிட்டு, அப்புறம் சுவருக்குப் போங்கள். மற்றபடி கட்டடத்தை மேலிருந்து கீழே, கட்டிய வரிசைக்கு நேர் எதிராக இறக்க வேண்டும். கட்டடம் இடிப்பதற்கான இந்தியத் தரக்குறிப்பு ஐ.எஸ். 4130 (1991) சொல்வதும் இந்த வரிசையைத்தான். நீங்கள் நிற்கிற தளத்தை நீங்களே உடைக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்று தோன்றும். சொல்ல வேண்டியிருக்கிறது.

மாசி வீதிக்குள் பழைய வீடு. அங்கே பிரேக்கர் ஓட்டலாமா?

கோயிலைச் சுற்றியிருக்கும் பழைய தெருக்களில் பல வீடுகளுக்குச் சுவர் பொதுச்சுவர். சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல், மேலே மர உத்திரம் வைத்து ஒட்டிய மெட்ராஸ் டெரஸ். இந்தப் பக்கம் அடித்தால் அந்தப் பக்கத்து வீட்டுப் பூஜை அறையில் காரை உதிரும். இங்கே 10, 16 கிலோ மெஷின்களை நான் கொடுப்பதே இல்லை. பொதுச்சுவரிலிருந்து தள்ளி இருக்கும் பகுதிக்கு மட்டும் 5 கிலோ, சுவரை ஒட்டிய இடம் முழுக்கக் கை உளியும் சுத்தியலும். பக்கத்து வீட்டில் முன்னாடியே சொல்லிவிட்டு, இருக்கிற விரிசல்களை அவர்கள் எதிரிலேயே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவர் மெஷின் இல்லாமலே நன்றாக உதிரும், நேரமும் ரொம்ப அதிகம் ஆகாது.

தூசிக்குத் துண்டைக் கட்டிக்கொண்டால் போதாதா?

போதாது. கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கிலேயே நின்றுவிடும். நுரையீரலின் அடிவரை போவது கண்ணுக்குத் தெரியாத பொடி, துண்டின் இழை இடைவெளி அதற்கு வாசல் மாதிரி. காங்கிரீட்டில் இருக்கும் மணலிலும் ஜல்லியிலும் சிலிக்கா இருக்கிறது. மேலூர் பக்கத்துக் கிரானைட்டிலும் அதுவே. அது நுரையீரலில் தங்கித் தழும்பாகி சிலிக்கோசிஸ் வரும். வந்தால் திரும்பாது, மருந்தும் இல்லை. சிலிக்கா தங்கிய நுரையீரலில் டி.பி. எளிதாகத் தொற்றவும் செய்யும்.

என்95 மாஸ்க் போடுங்கள். மூக்குக் கம்பியை அழுத்தி, கன்னத்தில் காற்று கசியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாடி இருந்தால் மாஸ்க் ஒட்டாது. உடைக்கப் போகிற இடத்தை முதல் நாள் சாயங்காலமே தண்ணீர் விட்டு ஊறவைத்தால் காலையில் தரை காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும், தூசி பாதிக்கு மேல் அடங்கும். ஓடுகிற மெஷின் மேலேயோ தேங்கி நிற்கிற மாதிரியோ தண்ணீர் ஊற்றாதீர்கள். முடிந்ததும் துடைப்பத்தால் கூட்டிக் கிளப்பாமல், தெளித்து அள்ளுங்கள். சித்தாளாக வரும் அக்காமார்கள்தான் இந்தத் தூசியை அள்ளுகிறார்கள், மெஷின் பிடிப்பவருக்கு மட்டும் மாஸ்க் வாங்குவது அநியாயம். அவர்களுக்கும் வாங்குங்கள்.

ராத்திரி கை மரத்துப்போகிறது. வேலை செய்த அசதியா?

ஒரு நாள் ஓட்டிய அன்று மட்டும் இருந்தால் அசதி. வாரக்கணக்கில் விரல் கூசினால், சட்டைப் பட்டன் போட வராவிட்டால், அது அதிர்வு நரம்பைத் தொட்டுவிட்டதன் அடையாளம். குளிர் நாடுகளில் விரல் வெளுத்துப்போவதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். நம் வெயிலில் பெரும்பாலும் மரத்துப்போவதும் கூச்சமும்தான் முதலில் தெரியும்.

ஐரோப்பிய நாடுகளில் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கைப்பிடி அதிர்வு 10 மீட்டர்/செகண்ட்² உள்ள மெஷினை ஒருவர் ஒரு நாளில் அரை மணி நேரம் ஓட்டினாலே கவனிக்க ஆரம்பிக்க வேண்டும், 2 மணி நேரத்துக்கு மேல் ஓட்டவே கூடாது. அதிர்வு பாதியாக இருந்தால் நேரம் நாலு மடங்கு கிடைக்கும். இது விசை அழுத்தியிருக்கிற நேரம் மட்டும், டீ குடிக்கிற நேரம் சேராது. அதனால் ஒரு மெஷினுக்கு இரண்டு ஆள் வைத்து, கால் மணிக்கு ஒருமுறை மாற்றி மாற்றி ஓட்டச் சொல்கிறேன். கைப்பிடியை இறுக்காமல் பிடியுங்கள். பீடி, சிகரெட் விரலுக்குப் போகும் ரத்தக் குழாயைச் சுருக்கும், மரத்துப்போகிறவர் அதை விடத்தான் வேண்டும்.

காதுக்குப் பஞ்சு?

வேண்டாம், சத்தத்தைப் பஞ்சு தடுக்காது. 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். மூடிய அறைக்குள் பிரேக்கர் அதைத் தொட்டுவிடும். இயர் மஃப் போடுங்கள். கண்ணாடி, ஹெல்மெட், ஷூவும் அப்படித்தான். செருப்போடு வந்தால் மெஷின் தருவதில்லை.

கார்பன் எப்போது மாற்ற வேண்டும்?

மெஷின் விட்டு விட்டு ஓடினாலோ, திடீரென்று நின்று தட்டினால் ஓடினாலோ முதலில் கார்பனை, அதாவது சுற்றுகிற ஆர்மேச்சருக்குக் கரண்ட் கொடுக்கிற கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங்கோடு வெளியே வரும். அதன் பக்கவாட்டில் ஒரு கோடு இருக்கும், அதுவரை தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். கோடு இல்லாவிட்டால் புதிய கார்பனின் மூன்றில் ஒரு பங்குக்கு வந்ததும் மாற்றுங்கள். ஒன்று மட்டும் தேய்ந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

கழற்றிய கார்பனின் முகத்தைக் கொஞ்சம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வழவழவென்று, ஆர்மேச்சர் வளைவுக்குப் பொருந்தி, சாம்பல் நிறத்தில் மின்னினால் மெஷின் நன்றாக இருக்கிறது. விளிம்பு பொரிந்து, குழி விழுந்து, கறுப்பாக இருந்தால், கார்பன் உரசுகிற செம்பு வளையமான கம்யூட்டேட்டரில் கோளாறு. கார்பனை மாற்றியும் பயனில்லை, கடைக்குக் கொண்டு வாருங்கள். எமரி பேப்பரால் தேய்க்காதீர்கள், அதன் துகள் செம்புக் கட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஷார்ட் ஆக்கும். ஓடும்போது உள்ளே சின்னப் பொறி தெரிவது சகஜம். ஆர்மேச்சரைச் சுற்றி வளையமாக நெருப்பு ஓடினால் அந்த நிமிடமே நிறுத்த வேண்டும்.

கிரீஸா, ஆயிலா?

பக்கத்தில் சின்னக் கண்ணாடி இருந்தால் ஆயில் மெஷின். தினமும் மெஷினை நிமிர்த்தி வைத்து அளவு பாருங்கள், பெட்டியில் சொன்ன ஆயிலை மட்டும் ஊற்றுங்கள். கண்ணாடி இல்லாதது கிரீஸ் மெஷின், அதைத் திறந்து சேஸிஸ் கிரீஸ் திணிக்காதீர்கள். கெட்டியான கிரீஸ் குண்டு ஓடுகிற பாதையில் அடைத்துக்கொண்டால் மோட்டார் சுற்றும், உளி அடிக்காது. கொடைக்கானலுக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: அங்கே காலைக் குளிரில் கிரீஸ் இறுகிக் கொஞ்ச நேரம் அடி சரியாக விழாமல் இருக்கலாம். பழுது என்று நினைக்க வேண்டாம், சூடு ஏறியதும் அடிக்கும்.

உளி மாட்டும் முன் அதன் தண்டைத் துணியால் துடைத்து மெல்லியதாக கிரீஸ் தடவுங்கள். மாட்டியதும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது.

மழுங்கிய உளியைக் கிரைண்டரில் தீட்டலாமா?

முனை நீலமாகாத அளவுக்குத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தீட்டலாம். நீலம் ஏறிவிட்டால் பதம் போய்விட்டது, அரைமணி வேலையில் மறுபடி மழுங்கும். நன்றாகக் கட்டையாகிவிட்ட உளிக்குப் பட்டறைதான் சரி. திருப்பாச்சேத்தி பக்கம் அரிவாள் அடிக்கிறவர்களிடம் கொடுத்தால், காய்ச்சி அடித்து, முனையை மட்டும் தண்ணீரில் தோய்த்து, வைக்கோல் நிறம் ஏறும்வரை பார்த்திருந்து பதம் வைத்துத் தருவார்கள். அந்த நிறத்தைக் கண்ணால் பிடிக்கிற கை எனக்கில்லை. மெஷினுக்குள் போகும் தண்டுப் பகுதியைக் காய்ச்சவோ வெல்டிங் வைக்கவோ கூடாது.

மெஷின் மழையில் நனைந்துவிட்டது. வெயிலில் காயவைத்து ஓட்டலாமா?

ஐப்பசி மழையில் இந்தக் கேள்வி வாரத்துக்கு இரண்டு வரும். ஓட்டாதீர்கள், 'ஒரு தடவை ஆன் பண்ணிப் பார்த்தேன்' என்பதும் வேண்டாம். வெளியே காய்ந்தாலும் காயிலுக்குள் ஈரம் இருக்கும். கொண்டு வந்தால் பிரித்து, காயவைத்து, மெக்கரில் இன்சுலேஷன் பார்த்துத் தருகிறேன். ஆன் பண்ணாமல் கொண்டு வந்த மெஷின் பெரும்பாலும் பிழைத்துவிடுகிறது.

பழைய மெஷின் ஒன்று விலைக்கு வருகிறது, எப்படிப் பார்த்து வாங்குவது?

உளியை மாட்டிப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். தளதளவென்று ஆடினால் புஷ் போய்விட்டது. காற்றுத் துவாரத்தில் மூக்கை வைத்து மோந்து பாருங்கள், வார்னிஷ் கருகிய வாசம் ஒருமுறை ஏறினால் போகாது. திருகாணிகளின் தலை சிதைந்திருந்தால் பலமுறை திறந்த மெஷின். கைப்பிடிக்குள் வயர் நுழையும் இடத்தை வளைத்துப் பாருங்கள். கடைசியாக ஒரு காங்கிரீட் துண்டைப் போட்டு ஐந்து நிமிடம் அடித்துக் காட்டச் சொல்லுங்கள், வெறுமனே ஓட்டிக் காட்டுவது கணக்கில்லை. அடித்து முடித்ததும் கியர் பக்கத்தில் உள்ளங்கையை வையுங்கள். வைத்த கையை எடுக்க வேண்டியிராத சூடு என்றால் விலை பேசலாம்.